ஹெல்மண்டில் இருக்கிறான்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பலேர்மோ நகரத்தின் பழைய பகுதியான கால்சாவின் ஒழுங்கைகளில் ஒரு நாய்கூட நடக்காது. சனம் யன்னல்களைச் சாத்திவிட்டுப் படுத்துவிடும். சிரோக்கோ வீசும் நாட்களில் கேட்கவே வேண்டாம். ஆபிரிக்காவிலிருந்து கடல் தாண்டி வரும் அந்தச் சூட்டுக்காற்றில் வெயில் மஞ்சளாகிவிடும்; வாய்க்குள் மண் கடிபடும்.

அப்படியொரு நாளில் வேலை வீட்டிலிருந்து வழக்கத்தைவிட முந்தி வந்து கதவைத் திறந்தேன். குசினி நிலத்தில் நூர் குப்புறக் கிடந்தான்.

மயங்கி விழுந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். பையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தோளைத் தொட்டேன். அவனுடைய கண் திறந்திருந்தது. ஒரு காதை நிலத்து ஓட்டில் அழுத்தி வைத்திருந்தான். என்னைப் பார்த்துவிட்டு விரலை உதட்டில் வைத்தான்.

“அக்கா, கதையாதேங்கோ. கீழை ஆறு ஓடுது.”

நின்றபடியே காது கொடுத்தேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் செருப்பைக் கழற்றியிருந்த என் கால்களில், ஓட்டுக்கு அடியில் ஏதோ மெல்ல நகர்வதுபோல ஓர் அதிர்வு தெரிந்தது. மடியில் படுத்திருக்கும் பூனை உறுமும்போது தெரியுமே, அதைப்போல.

“எழும்பு தம்பி, நிலம் குளிரும்” என்றேன். நிலம் குளிரவில்லை. வெளியே கல் வெடிக்கும் வெயில்.

மொண்டெல்லோவில் கிடைத்த ஆள்

இத்தொடரை இடையில் படிக்க வருகிறவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நானும் என் கணவர் சேவியரும் மன்னாரைச் சேர்ந்தவர்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இத்தாலியின் பலேர்மோவுக்கு வந்து சேர்ந்தோம். சிஞ்ஞோரா என்று நாங்கள் அழைக்கும் ஓர் இத்தாலிய அம்மாவின் வீட்டில் நான் சமையலும் துப்புரவும் பார்த்தேன். சேவியருக்குக் கோடையில் மொண்டெல்லோக் கடற்கரையில் வேலை, மற்ற மாதங்களில் துறைமுகத்தில் மூட்டை ஏற்றுவது. குடியிருந்தது கால்சாவில், இடிந்தும் இடியாமலும் நின்ற ஒரு பழைய மாளிகையின் கீழ்த்தளத்தில். இரண்டு அறை, ஒரு குசினி.

நூர் ஆப்கானிஸ்தான்காரன். மொண்டெல்லோவில் குளிக்க வருகிறவர்கள் உடுப்பு மாற்றுவதற்கென்று கோடை முழுக்க மரக் கூடாரங்களை வரிசையாக அடித்து வைப்பார்கள். அந்தக் கோடையில் அவற்றில் கடைசிக் கூடாரத்தில் நூர் ஒருவருக்கும் தெரியாமல் படுத்துறங்கி வந்தான். பகலில் சேவியரோடு சேர்ந்து சாய்மணைகளைத் தூக்குவான். கோடை முடிந்ததும் கூடாரங்களைக் கழற்றிக் களஞ்சியத்தில் வைத்துவிடுவார்கள். அவனுடைய வீட்டைப் பலகை பலகையாகக் கழற்றியதே சேவியர்தான். கடைசிப் பலகையைக் கழற்றியபோது உள்ளே ஒரு போர்வையும் தேநீர்க் கேத்தலும் இருந்தனவாம்.

“இவன் எங்கை போறது, சொல்லும் பாப்பம்” என்றபடி அவனையும் போர்வையையும் கேத்தலையும் பேருந்தில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார் சேவியர்.

நெடுத்த உருவம். கண்ணுக்குக் கீழே எப்போதும் நித்திரை இல்லாத கறுப்பு. குசினியில் மேசைக்கும் அடுப்புக்கும் இடையில் படுத்துக்கொள்வான். எங்களோடு சோறு தின்றான். மீன் குழம்புக்கு நாங்கள் போடும் தூளுக்கு மூக்கால் நீர் வடித்தபடி “இன்னும் கொஞ்சம்” என்பான். என்னை அக்கா என்றான், சேவியரை அண்ணை என்றான். அந்த இரண்டு சொல்லைத் தவிர எங்களுக்கிடையே பேச்சு முழுக்க அரைகுறை இத்தாலிய மொழியில்தான் நடந்தது. இப்போது எழுதும்போது அவன் பேசியதெல்லாம் எங்கள் ஊர்த் தமிழாகவே எனக்கு நினைவில் வருகிறது. அப்படியே எழுதுகிறேன்.

ஆறா, மாகாணமா

பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதிக்காக அவனைப் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவுக்குக் கூட்டிப் போனது நான்தான். அந்த அலுவலகத்தின் கதவுகளும் வரிசைகளும் எனக்கு அதற்குள் பழகிவிட்டிருந்தன. கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அதிகாரி, எந்த இடத்தில் பிறந்தாய் என்று கேட்டார்.

“ஹெல்மண்ட்.”

அவர் எழுந்து போய்ச் சுவரிலிருந்த உலகப் படத்தில் தேடினார். நீலக்கோடு ஒன்றின்மேல் விரலை வைத்தார்.

“இது ஆறல்லவா?”

“ஆறுதான்” என்றான் நூர். “மாகாணமும் அதுதான்.”

“எதில் பிறந்தாய், ஆற்றிலா மாகாணத்திலா?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நூர் சிரிக்கவில்லை. அவன் அந்தக் கேள்வியை உண்மையாகவே யோசித்தான்.

வரும் வழியில் துறைமுகச் சுவரோரமாக உட்கார்ந்து எனக்கு விளக்கினான். வடக்கே பனி மலையில் தொடங்குகிற ஆறு. கீழே இறங்கி வந்து பாலைவனத்துக்குள் நுழைகிறது. இரண்டு கரையிலும் கொஞ்சத் தூரத்துக்குப் பச்சை. கோதுமை, மாதுளை, வத்தகை. அதற்கப்பால் கல்லும் மணலும். ஆறு இல்லாவிட்டால் அந்த மாகாணமே இல்லை. அதனால் இரண்டுக்கும் ஒரே பெயர்.

“எந்தக் கடலிலை போய் விழுது?”

“கடலுக்குப் போறேல்லை அக்கா. ஈரான் எல்லையிலை சதுப்பிலை போய்ப் படுத்திடும். மிச்சத்தை மணல் குடிச்சிடும்.”

நான் மன்னார்க்காரி. எங்கள் அருவியாறு கோடையில் நூலாக மெலிந்தாலும் கடைசியில் கடலைத்தான் தேடிப் போகும். கடலுக்குப் போகாமல் நடுவழியில் செத்துப்போகிற ஆறு ஒன்று இருக்கிறது என்பது அன்றைக்கு என்னை ஏனோ பயப்படுத்தியது.

மீசை அரும்பிய காலம் முதல் சண்டையைத்தான் பார்த்தேன் என்றான். முதலில் வெளிநாட்டுப் படை. அவர்கள் போனதும் உள்ளூர்த் தளபதிகள் ஒருவரோடு ஒருவர். ஆற்றின் இந்தக் கரை ஒருவனுக்கு, அந்தக் கரை இன்னொருவனுக்கு. பிறகு வெள்ளைக் கொடியோடு புதிதாக ஒரு கூட்டம் வந்தது. நூர் எல்லை தாண்டிப் பாகிஸ்தானின் குவேட்டாவுக்கு ஓடி, கராச்சியில் கப்பலுக்குள் ஒளிந்து, எங்கெங்கோ இறங்கி, இங்கே வந்து சேர்ந்தான். தாய் தகப்பன் இல்லை. தாவூத் என்ற தம்பி மட்டும். அவனைத் தாய்மாமனிடம் விட்டுவிட்டு வந்திருந்தான்.

நல்ல செய்தி

புகையிரத நிலையத்துக்குப் பக்கத்தில் வெளிநாட்டுக்குத் தொலைபேசி எடுக்கும் கடை ஒன்று இருந்தது. வரிசையாக மரக் கூண்டுகள். ஒரு கூண்டில் கானா, ஒரு கூண்டில் யாழ்ப்பாணம், ஒரு கூண்டில் துனிசியா. எல்லோரும் ஒருவர் சத்தத்தை மிஞ்சி ஒருவர் கத்திக்கொண்டிருப்பார்கள்.

மழைக்காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு, குவேட்டாவில் ஒரு பழக்கடையில் மாமன் வந்து நிற்பார் என்று நூருக்குத் தகவல் கிடைத்தது. அவர் அடிக்கடி எல்லை தாண்டி வந்து போகிறவர். குறித்த நேரத்துக்கு நூர் அந்தப் பழக்கடைக்குத் தொலைபேசி எடுத்தான். இணைப்பு கிடைத்த கொஞ்ச நேரத்திலேயே அறுந்துபோனது. ஆனால் அவனுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

“தாவூத் ஹெல்மண்டிலை இருக்கிறானாம்” என்றபடி வீட்டுக்குள் வந்தான். “மாமா சொன்னவர். அங்கைதான் இருக்கிறான், நீ வராதை எண்டு.”

அன்றைக்குக் குசினியை எங்களிடமிருந்து பறித்துக்கொண்டான். கரட்டும் பிளம்ஸும் போட்டு ஒரு சட்டி சோறு ஆக்கினான். மேல்மாடியில் குடியிருந்த கிழவி சிஞ்ஞோரா நூன்சியாவுக்கும் ஒரு கோப்பை போனது. அந்த அம்மாள் படியிறங்க முடியாதவர். மேலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவார், நாங்கள் அதில் வைத்துவிடுவோம்.

சாப்பிட்டு முடித்ததும் நூர் சொன்னான்:

“போய்த் தம்பியைக் கூட்டிக்கொண்டு வாறன்.”

சேவியர் கையைத் துடைத்தபடி நிமிர்ந்தார். “என்ன விசர்க் கதை? உன்ரை பெர்மெஸ்ஸோ இன்னும் வரேல்லை. இப்ப வெளிக்கிட்டால் திரும்பி உள்ளுக்கு வரேலாது. மாமாவும் வராதை எண்டெல்லோ சொன்னவர்.”

“இருக்கிறான் எண்டு தெரிஞ்சாப் பிறகு எப்பிடி அண்ணை நான் இஞ்சை இருக்கிறது?”

சேவியர் எழுந்து வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் அப்படிப் போனதற்குக் காரணம் எனக்குத் தெரியும்.

அக்கரையிலை நிக்கிறான்

சேவியருக்கு ஒரு தம்பி இருந்தான், லூக்காஸ். எங்கள் பக்கத்தில் சண்டை மூண்டபோது சனங்கள் வள்ளங்களில் ஏறி இராமேஸ்வரம் போனார்கள். லூக்காஸும் பேசாலையிலிருந்து ஒரு வள்ளத்தில் ஏறினான். அந்த வள்ளத்தில் போன ஒருவரையும் அதற்குப் பிறகு யாரும் காணவில்லை. அங்குள்ள அகதி முகாம்களில் வீட்டார் விசாரித்தார்கள். வள்ளம் கவிழ்ந்தது என்று சொல்லவும் ஆளில்லை, கரை சேர்ந்தது என்று சொல்லவும் ஆளில்லை.

இந்தியாவை எங்கள் ஊரில் அக்கரை என்போம். என் மாமியாரிடம் யாராவது, இளையவன் எங்கே என்று கேட்டால், “அவன் அக்கரையிலை நிக்கிறான்” என்பார். பொய் சொல்லும் குரலில் அல்ல. சந்தைக்குப் போயிருக்கிறான் என்று சொல்லும் குரலில். அந்தப் பேச்சு வந்தால் சேவியர் எழுந்து போய்விடுவார். கல்யாணம் கட்டி இத்தனை வருடத்தில் தம்பியின் பெயரை அவர் என்னிடம் சொன்னதில்லை. மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அதனால், இருக்கிறான் என்று நூர் சொன்ன மாத்திரத்தில் எனக்குள் ஏதோ இடறியது. என்னவென்று அப்போது பிடிபடவில்லை.

சிஞ்ஞோரா நூன்சியா சொன்னது

நூர் நிலத்தில் காதை வைக்கத் தொடங்கியது அந்தச் சோறு ஆக்கிய நாளுக்குப் பிறகுதான். மதியத்தில் ஊர் அடங்கியதும் படுத்துவிடுவான். ஊருக்குப் போவதற்கு யார் யாரையோ விசாரித்துக்கொண்டும் திரிந்தான். துருக்கிக்குப் போகிற கப்பலில் ஏற்றிவிட ஒருவன் ஒப்புக்கொண்டிருந்தான்.

நான் மேலே போய் நூன்சியாவிடம் நூர் காது வைத்துப் படுப்பதைச் சொல்லி, வீட்டுக்குக் கீழே ஆறு ஏதும் உண்டா என்று கேட்டேன். அவர் கட்டிலில் சாய்ந்து அவரைக்காய் உடைத்துக்கொண்டிருந்தார்.

“ஆறா? இருக்கிறதே” என்றார், ஏதோ கிணறு இருக்கிறது என்பதுபோல. “கெமோனியா. பலேர்மோ ஒரு காலத்தில் இரண்டு ஆற்றுக்கு நடுவில்தான் இருந்தது. பிறகு மூடிக் கட்டிவிட்டார்கள். எங்கள் வீட்டுக்குக் கீழேதான் அது துறைமுகத்துக்குப் போகிறது என்று என் அப்பா சொல்வார். கெட்ட காலநிலையின் ஆறு என்றும் அதற்குப் பெயர். கோடையில் ஒரு சொட்டு இருக்காது. மழைக்கு ஆளைக் கொண்டுபோகும்.”

“மழை இல்லாத நாளிலும் சத்தம் கேட்குமா?”

அவர் உடைப்பதை நிறுத்தினார்.

“நான் சிறுபெண்ணாக இருந்தபோது ஒரு வெள்ளம் வந்தது. நீங்கள் இருக்கிற அறைக்குள்தான் தண்ணீர் முதலில் வந்தது. அங்கே இருந்த கூடைக்காரரின் மனைவியைக் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு அந்தக் கூடைக்காரரும் உங்கள் பையனைப் போலத்தான் நிலத்தில் படுத்துக் கிடப்பார்.” அவரைக்காயைத் தட்டில் போட்டார். “கேட்டால் கேட்கட்டும். ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டாம் என்று சொல்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. “எங்கள் பெயர் அதற்கு எப்படித் தெரியும் சிஞ்ஞோரா?”

“உன் பெயரைச் சொல்லாது, மகளே. நீ யாரைத் தேடுகிறாயோ அவருடைய பெயரைச் சொல்லும்.”

இஸ்திரிப் பெட்டி

நான் எளிதில் பயப்படுகிறவள் அல்ல. ஷெல் விழுகிற ஊரிலிருந்து வந்தவளுக்கு ஓட்டை வீட்டுச் சத்தங்கள் ஒரு பொருட்டே இல்லை. அதனால் இதையும் நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

ஒரு பிற்பகல் வீட்டில் நான் தனியே இருந்தேன். அன்றும் சிரோக்கோ. குசினி மேசையில் துணி விரித்து சேவியரின் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். வானொலி இல்லை, தெருவில் சத்தம் இல்லை.

காலுக்குக் கீழே மூச்சு கேட்டது.

தண்ணீர்ச் சத்தம் அல்ல. மூச்சுத்தான். பெரிய, கனத்த மூச்சு. அருவியாற்றில் மாடுகளைச் சாய்த்துக்கொண்டு வருவார்கள். நீந்திக் களைத்த மாடு கரையில் முன்காலை வைத்ததும் மூக்கால் தண்ணீரைச் சீறித் தள்ளும். அதே சத்தம். ஒருமுறை சீறி, நின்று, பிறகு இன்னொருமுறை. பலேர்மோ நகரத்தின் நடுவில், கல்லால் கட்டிய வீட்டின் கீழே, ஒரு மாடு கரையேற முயன்றுகொண்டிருந்தது.

கழுத்துப்பட்டி தீய்ந்த மணம் வந்த பிறகுதான் என் கையில் இஸ்திரிப் பெட்டி இருப்பது நினைவு வந்தது.

நிலத்தைப் பார்த்தேன். மூலையில் தண்ணீர் போகும் ஓட்டையைச் சுற்றி ஓடுகள் நனைந்திருந்தன. நான் அன்று நிலம் கழுவவில்லை. ஈரத்தில் சாம்பல் நிறத்தில், மாவைப்போல மெல்லிய மணல் படிந்திருந்தது.

துடைக்கத் துணிவு வரவில்லை. வாசல் படியில் போய் நின்றேன். நூர் வந்தான். நான் மூலையைக் காட்டினேன். அவன் குந்தி இருந்து, விரலால் தொட்டு, நாக்கில் வைத்தான்.

“கடல் மணல் இல்லை அக்கா. உப்பில்லை.”

பிறகு அந்த ஓட்டைக்கு மேலே குனிந்து தன் மொழியில் எதுவோ கேட்டான். பிறகு காதை ஓட்டையில் வைத்தான். நான் நூன்சியா சொன்னதை நினைத்துக்கொண்டு அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“என்ன கேட்டனி?”

“எங்கை இருக்கிறாய் எண்டு கேட்டனான்.”

“ஏதும் சொன்னதோ?”

“மாமா சொன்னதைத்தான் சொன்னது. ஹெல்மண்டிலை இருக்கிறன் எண்டு.”

அவன் மெல்ல நிமிர்ந்தான். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

“எந்த ஹெல்மண்ட் எண்டு நான் மாமாவிட்டைக் கேக்கேல்லை அக்கா.”

குவெஸ்தூராவில் அந்த அதிகாரி கேட்ட கேள்வி இப்போது எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றது. சோறு ஆக்கிய அன்று எனக்குள் இடறியது எதுவென்று பிடிபட்டது.

கூண்டுக்குள்

மாமன் மறுபடி குவேட்டாவுக்கு வரும்வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் துருக்கிக் கப்பல் புறப்படும் நாள் நெருங்கிவிட்டது. நூர் போர்வையைச் சுருட்டிக் கட்டி வைத்திருந்தான். “கேட்டிட்டுப் போ. அதுவரைக்கும் போகாதை” என்று மட்டும் சேவியர் அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

தகவல் வந்த அன்று காலையிலிருந்து மழை. கடைக்கு என்னையும் வரச் சொன்னான். ஒருவர் நிற்கும் கூண்டுக்குள் இருவரும் நெருக்கி நின்றோம். கண்ணாடி எங்கள் மூச்சில் புகைந்துபோனது.

இணைப்புக் கிடைத்தது. நூர் நலம் விசாரித்தான். அது எந்த மொழியிலும் தெரிந்துவிடும். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு ஒரு கேள்வி கேட்டான். அதில் ஹெல்மண்ட் என்ற சொல் இரண்டு தடவை வந்தது.

கேட்டுவிட்டுத் தொலைபேசி வாங்கியைக் காதோடு அழுத்திப் பிடித்தான்.

இணைப்பு அறுந்துவிட்டதாக நினைத்து நான் கம்பியைப் பார்த்தேன். நூர் வாங்கியை என் காதில் வைத்தான். இரைச்சல். அதற்குப் பின்னால் ஒரு வயதான மனிதர் மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். அழுகிறவரின் மூச்சு. நான் திருப்பிக் கொடுத்தேன்.

பிறகு மாமன் நீண்ட நேரம் பேசினார். கடைசியில் அவன் வாங்கியைக் கொளுவப் பார்த்தான். கொளுக்கியில் விழாமல் அது தொங்கியது. நான்தான் எடுத்து வைத்தேன்.

வெளியே, நிலையத்தின் கூரைக்குக் கீழே உட்கார்ந்து சொன்னான்.

முந்திய ஆண்டு, பனி உருகி ஆறு பெருகியிருந்த நேரம். சண்டை அவர்கள் கரைக்கு வந்துவிட்டது. தாவூத் லொறிச் சக்கர ரியூப்புகளைச் சேர்த்துக் கட்டி மிதவை செய்து, மாமியையும் பிள்ளைகளையும் மறுகரைக்குக் கொண்டுபோய் விட்டான். எல்லோரும் தப்பிவிட்டார்கள். மாமனின் பசுமாடு மட்டும் பின்னால் நின்றுவிட்டது. கறவை மாடு, அது இல்லாமல் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. தாவூத் திரும்பிப் போனான். மாட்டைக் கயிற்றில் கட்டி நீந்தவிட்டு, தான் மிதவையில் கூட வந்துகொண்டிருந்தான். நடு ஆற்றில் சூடு விழுந்தது. எந்தப் பக்கத்திலிருந்து என்று தெரியவில்லை.

“மாடு கரையேறி வந்ததாம் அக்கா. கயிறும் இருந்ததாம். அது கரையிலை நிண்டு மூச்சு வாங்கிக்கொண்டு ஆத்தையே பாத்துக்கொண்டு நிண்டதாம்.”

இஸ்திரி போட்ட பிற்பகலில் நான் கேட்டதை நான் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. அப்போதும் சொல்லவில்லை. மழைச் சாரல் என் பாதத்தில் விழுந்துகொண்டிருந்தது. நான் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

“ஏன் முந்தியே சொல்லேல்லை எண்டு கேட்டனியோ?” என்றேன் கடைசியில்.

“கேட்டனான். செத்திட்டான் எண்டு சொன்னால் உடம்பைத் தேட வருவாய், உயிரோடை இருக்கிறான் எண்டு சொன்னால் கூட்டிக்கொண்டு போக வருவாய், ரெண்டும் உன்னையும் கொல்லும். அதாலை அவன் எங்கை இருக்கிறானோ அதை மட்டும் சொன்னனான் எண்டார்.”

சேவியரும் செருப்புகளும்

கப்பல் நூர் இல்லாமல் போனது. அவன் சுருட்டிய போர்வையை அவிழ்க்கவும் இல்லை, எடுத்துக்கொண்டு போகவும் இல்லை. கிடந்த இடத்தில் கிடந்தான். நிலத்தில் காது வைப்பதையும் விட்டுவிட்டான். எனக்கு அதுதான் முன்பைவிடப் பயமாக இருந்தது.

உடம்பு கிடைக்காதவர்களுக்காகவும் தொழலாம் என்று துனிசியாக்காரர் ஒருவர் அவனுக்குச் சொன்னார். பழைய கிறிஸ்தவக் கோவில் ஒன்றை அவர்கள் பள்ளிவாசலாக வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகைக்குப் பிறகு, அங்கே இல்லாத ஒருவனுக்காக, அவனை ஒருநாளும் கண்டிராத மனிதர்கள் வரிசையாக நின்றார்கள். நானும் சேவியரும் வாசலுக்கு வெளியே நின்றோம். செருப்புகள் படியெல்லாம் கிடந்தன. ஈரமான நாள். சேவியர் குனிந்து, நனையக்கூடிய செருப்புகளை எல்லாம் ஒவ்வொரு சோடியாக எடுத்துக் கூரைக்குக் கீழே வைத்தார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

உள்ளே ஒரே குரலாக எதுவோ சொன்னார்கள். தாவூத் என்ற பெயர் எங்களுக்கும் விளங்கியது.

சேவியர் கையில் ஒரு சோடிச் செருப்போடு நிமிர்ந்தார்.

“ஜெசி, எங்கடை லூக்காசுக்கு ஒரு பூசை ஒப்புக்குடுப்பம்.”

அந்தப் பெயரை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. “ஓம், ஒப்புக்குடுப்பம்” என்றேன்.

அடுத்த ஞாயிறே தேவாலயத்தில் ஒப்புக்கொடுத்தோம். இத்தாலியப் பாதிரியார் லூக்காஸை லூக்கா என்று வாசித்தார். சேவியர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நூர் கடைசி வரிசை வாங்கில், தலையில் தன் தொப்பியோடு, பூசை முடியும்வரை உட்கார்ந்திருந்தான். மன்னாருக்குத் தகவல் அனுப்புவதா இல்லையா என்று நாங்கள் பல நாள் யோசித்தோம். அனுப்பவில்லை. மாமியாருக்கு அவன் அக்கரையிலேயே நிற்கட்டும் என்று சேவியர் சொல்லிவிட்டார்.

மாட்டின் மூச்சு எனக்கு அதற்குப் பிறகு கேட்கவில்லை. அதிர்வு மட்டும் அவ்வப்போது இருந்தது. அது வாகனங்களால் வருகிறது என்றார் சேவியர். இருக்கலாம்.

கோடை

அடுத்த ஆண்டு நூருக்கு பெர்மெஸ்ஸோ கிடைத்தது. வெரோனாப் பக்கம் ஒரு கோழிப் பண்ணையில் வேலை கிடைத்துப் போனான். தன் பெருநாளுக்கும் எங்கள் கிறிஸ்மஸ் நத்தாருக்கும் எடுத்துக் கதைப்பான். கல்யாணம் பேசுகிறார்கள் என்றான். பிறகு அது சரிவரவில்லை என்றான். இத்தாலிய மொழியை எங்களைவிட நன்றாகப் பேசத் தொடங்கியிருந்தான்.

அந்தப் பத்தாண்டு முடியும் தறுவாயில், கோடையில் ஒருநாள், பெருநாளும் இல்லாமல் நத்தாரும் இல்லாமல் அவனுடைய அழைப்பு வந்தது. மதிய நேரம். சேவியர் மொண்டெல்லோவில். நான்தான் எடுத்தேன்.

“அக்கா, ஆறு வத்திப்போச்சு.”

எனக்கு உடனே விளங்கவில்லை. “எந்த ஆறு?”

“ஹெல்மண்ட். மலையிலை பனி விழேல்லையாம். மாமான்ரை ஊரிலை குட்டை குட்டையாத்தான் தண்ணி நிக்குதாம். கீழை சதுப்பும் காஞ்சு புழுதியாப் பறக்குதாம். மாமாவுக்கு நினைவு தெரிஞ்ச நாளிலை இப்பிடி இல்லையாம். நடு ஆத்திலை ஆக்களைக் கண்டெடுத்திருக்கினம்.”

நான் கதிரையை இழுத்து உட்கார்ந்தேன்.

“தாவூத்தோ?”

“தெரியாது அக்கா. கன பேர். எத்தினை வருசத்துச் சண்டை. எலும்பைப் பாத்து ஆர் எண்டு சொல்லேலாது. இந்தக் கரைக்காரனோ அந்தக் கரைக்காரனோ எண்டுகூடச் சொல்லேலாது.”

“அப்ப மாமா என்ன செய்தவர்?”

“கரையிலை நீளமா ஒரு குழி வெட்டி எல்லாரையும் பக்கத்திலை பக்கத்திலை வைச்சவராம். ஒவ்வொருத்தருக்கும் தாவூத் எண்டு பேர் சொல்லித் தொழுதவராம்.”

“மற்றவையின்ரை வீட்டுக்காரர் ஒண்டும் சொல்லேல்லையோ?”

“அவையளும் வந்தவை அக்கா, ரெண்டு கரையிலையும் இருந்து, ஆத்துக்குள்ளாலை நடந்து. அவையவை தங்கடை பிள்ளையின்ரை பேரை ஒவ்வொரு ஆளுக்கும் சொன்னவையாம். பொழுதுபடும் மட்டும் சொன்னவையாம். குழியிலை கிடந்த எல்லாருக்கும் எல்லாப் பேரும் கிடைச்சது.”